புளிப்பை அளப்பது யார்?

பழச்சாற்றின் புளிப்பை அளக்க ஆட்டோ டைட்ரேட்டர் வாங்கிவிட்டால் தரப் பிரச்சினை தீர்ந்தது என்ற நம்பிக்கை இன்று பழம் பதப்படுத்தும் தொழில் முழுவதும் பரவிக் கிடக்கிறது. கருவி விற்பவர் மட்டும் சொன்னால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பவர் சொல்கிறார், பயிற்சி வகுப்பு எடுப்பவர் சொல்கிறார், கூழ் வாங்கும் கம்பெனியின் கொள்முதல் ஆள் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் மகளிர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கடன் வாங்கியாவது அந்தப் பெட்டியை வைத்துவிட வேண்டும் என்று நினைக்கத் தொடங்கிவிட்டன. இந்த நம்பிக்கை தவறு. சிறிய கூடங்களுக்கும், அவற்றுக்குப் பழம் கொடுக்கும் விவசாயிக்கும் இது நேரடியாகக் கேடு செய்யும்.

அவர்கள் வாதத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பியூரெட்டில் காஸ்டிக் சோடா கரைசலை நிரப்பி, சாற்றில் இரண்டு சொட்டு பினாப்தலீன் விட்டு, இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை கையால் இறக்குவது பழைய முறை. முடிவைச் சொல்வது கண். ஒருவருக்குச் சிவப்பாகத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாது. மாங்கூழின் மஞ்சளில் அது காவியாகத் தெரியும். நாவல் சாற்றிலும் கறுப்புத் திராட்சைச் சாற்றிலும் தெரியவே தெரியாது. ஆட்டோ டைட்ரேட்டரிலோ கண்ணாடி மின்முனை பி.எச். அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மோட்டார் ஓட்டும் பியூரெட் சொட்டிலும் சிறு பங்காகக் கரைசலை விடுகிறது. 8.1 வந்ததும் தானே நின்று, கணக்குப் போட்டு, தேதி நேரத்தோடு சீட்டு அச்சடிக்கிறது. யார் பக்கத்தில் நின்றாலும் ஒரே எண். ஏற்றுமதிக்காரர் கேட்கும் பதிவும் தயார். நாள் முழுக்க மாதிரி வந்துகொண்டே இருக்கும் கிருஷ்ணகிரி கூழ் ஆலைக்கு இது நல்ல கருவிதான். இதில் ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை. இதிலிருந்து எடுக்கப்படும் முடிவைத்தான் மறுக்கிறேன்: கருவி இருந்தால் எண் சரி, கருவி இல்லாத ஊரின் எண் நம்பத்தகாதது என்கிற முடிவை.

1. கண் செய்யும் பிழை எவ்வளவு என்று இவர்களில் யாராவது கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்களா?

போட்டுப் பார்ப்போம். 10 கிராம் மாங்கூழை எடுத்துக்கொள்வோம். சிட்ரிக் அமிலமாகக் கணக்கிட்டால் 0.50 சதவீதப் புளிப்பு அதில் இருக்கிறது. இதற்கு 0.1 நார்மல் காஸ்டிக் சோடா கரைசல் சுமார் 7.8 மில்லி இறங்கும். ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 0.05 மில்லி. கண் தடுமாறி ஒரு சொட்டு கூடப் போனால் 0.50 என்பது 0.503 ஆகும். புதிதாகக் கற்றுக்கொள்ளும் பெண் நான்கு சொட்டு தாண்டிவிட்டாலும் 0.513. இவ்வளவுதான் கண்ணின் குற்றம்.

இப்போது அந்தக் கரைசலைப் பாருங்கள். லிட்டருக்கு 4 கிராம் காஸ்டிக் சோடா. அது காற்றிலிருந்து ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும் பொருள். புட்டியின் வாயைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கும் பொடியைப் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று தெரியும். அந்தக் கரைசல் 5 சதவீதம் வலு குறைந்திருக்கிறது, அது யாருக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அதே கூழுக்கு 7.8க்குப் பதில் 8.2 மில்லி இறங்கும். எண் 0.526 ஆகும். எட்டுச் சொட்டுப் பிழைக்குச் சமம் இது. எந்தக் கண்ணும் எட்டுச் சொட்டு தவறாது.

கருவி இதைக் கண்டுபிடிக்குமா? பிடிக்காது. கரைசலின் வலு 0.1 என்று யாரோ விசைப்பலகையில் அடித்துவைத்ததை அது நம்பிக்கொண்டிருக்கிறது. 0.526 என்று மூன்று தசமத்தோடு, தேதியோடு, அழகாக அச்சடித்துக் கொடுக்கும். பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை உலர்த்தி, தராசில் துல்லியமாக நிறுத்து, அதை வைத்துக் கரைசலின் வலுவை ஒருவர் அடிக்கடி சரிபார்த்தால்தான் இந்தப் பிழை போகும். அந்த வேலை கண்ணாடி பியூரெட்டுக்கும் உண்டு, ஆட்டோ டைட்ரேட்டருக்கும் உண்டு. பல லட்சம் கொடுத்து வாங்கிய பெட்டி தீர்த்துவைப்பது இருக்கிற பிழைகளிலேயே சின்னப் பிழையை. பெரிய பிழை புட்டியிலேயே இருக்கிறது.

2. "0.50" என்றால் எதன் 0.50?

இந்தக் கேள்வியைக் கேட்காமலே சீட்டை வாங்கிக்கொள்கிறார்கள். சாற்றில் உள்ள மொத்தப் புளிப்பை ஏதாவது ஒரு அமிலத்தின் பெயரில்தான் சொல்ல முடியும். எலுமிச்சைக்கும் மாம்பழத்துக்கும் சிட்ரிக், ஆப்பிளுக்கும் தர்பூசணிக்கும் மாலிக், திராட்சைக்கும் நம் புளிக்கும் டார்டாரிக் என்பது இயற்கையின் கணக்கு. ஆனால் கருவிக்குள் எந்தப் பெருக்கெண் இருக்கிறதோ அதுதான் சீட்டில் வரும். சிட்ரிக் என்றால் 64, மாலிக் என்றால் 67, டார்டாரிக் என்றால் 75. ஒரே சாறு, ஒரே மில்லி. டார்டாரிக்காகச் சொன்னால் எண் 17 சதவீதம் உயர்ந்துவிடும். சிட்ரிக் அமிலத்திலேயே நீர்மூலக்கூறு சேர்ந்த வகையின் பெருக்கெண்ணைப் போட்டிருந்தால் 9 சதவீதம் கூடும். பிரான்ஸில் ஒயினின் புளிப்பைக் கந்தக அமிலமாகச் சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அது டார்டாரிக் கணக்கைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக வரும்.

நிற்கும் இடமும் அப்படியே. பழப் பொருள்களுக்கான ஐ.எஸ்.ஓ. 750 முறை பி.எச். 8.1இல் நிறுத்தச் சொல்கிறது. ஒயினுக்கான சர்வதேச முறை 7.0இல் நிறுத்தச் சொல்கிறது. அமெரிக்க ஒயின்காரர்கள் 8.2 என்கிறார்கள். 7.0இல் நின்றால் சிட்ரிக் அமிலம் இன்னும் முழுதாக நடுநிலை ஆகியிருக்காது. எண் சில சதவீதம் குறையும். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கருவி யோசிப்பதில்லை. நிறுவ வந்த சர்வீஸ் இன்ஜினியர் எதை வைத்துவிட்டுப் போனாரோ அதுவே அந்த ஊரின் புளிப்பு. இரண்டு கூடங்களில் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் கருவி இருந்து, ஒரே கூழுக்கு இரண்டு எண் வந்தால், இரண்டுமே "தானியங்கி" எண்தான்.

3. மின்முனைக்குப் பசியும் தாகமும் இல்லை என்று நினைக்கிறார்களா?

இந்தக் கருவியின் முன்னோடியே எலுமிச்சைச் சாற்றில் பிறந்தது. 1934இல் கலிபோர்னியாவில் எலுமிச்சைப் பொருள்களின் புளிப்பை அளந்துகொண்டிருந்த கிளென் ஜோசப் என்ற வேதியியலாளர் தன் நண்பர் ஆர்னால்டு பெக்மனிடம் வந்தார். சாறு கெடாமலிருக்கச் சேர்த்த கந்தக டை ஆக்சைடு லிட்மஸின் நிறத்தையே வெளுக்கச் செய்துவிட்டது. நிறத்தை நம்பி அளக்க வழியில்லை. பெக்மன் கண்ணாடி மின்முனையோடு வெற்றிடக் குழாய் மிகைப்பியை இணைத்துக் கொடுத்த தீர்வு, பின்னால் உலகம் முழுவதும் போன பி.எச். மீட்டர் ஆயிற்று. பெக்மன் தீர்த்தது நிறம் தெரியாத சிக்கலை. மின்முனையைக் கழுவிப் பராமரிக்கும் வேலை அதனால் போய்விடவில்லை.

கூழில் தினமும் முங்கும் மின்முனையின் அடியில் ஒரு நுண்துளை இணைப்பு இருக்கிறது. மாம்பழ நாரும் பெக்டினும் அங்கேதான் அடைக்கும். வெளியே பார்த்தால் கண்ணாடி பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் எண் தயங்கித் தயங்கி நகரும். அது நகர்வதற்குள் மோட்டார் அடுத்த சொட்டை விட்டுவிடும். 8.1 என்று கருவி நிற்கும்போது கரைசல் அதைத் தாண்டிப் போயிருக்கும். அதைத் தவிர்க்க ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் கழுவ வேண்டும், இரவில் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நிறுத்த வேண்டும், காலையில் 4, 7, 10 பஃபர்களில் சரிபார்க்க வேண்டும். 25 டிகிரியில் ஒரு பி.எச். அலகுக்கு 59 மில்லிவோல்ட் கொடுக்கும் மின்முனை, 40 டிகிரியில் 62 கொடுக்கும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கு அடியில் வெப்ப உணர்வி கழன்று கிடந்தால் என்ன ஆகும் என்று விற்பனைத் தாளில் எழுதியிருக்காது. இத்தனையும் செய்யத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால், அவருக்கு ஆட்டோ டைட்ரேட்டரே தேவையில்லை: சாதாரண பி.எச். மீட்டர், காந்தக் கலக்கி, கண்ணாடி பியூரெட் மூன்றையும் வைத்து நாவல் சாற்றையும் 8.1இல் நிறுத்தி அளந்துவிடுவார். அப்படி ஒருவர் இல்லையென்றால் எந்தக் கருவியும் உதவாது.

4. பத்து கிராம் எங்கிருந்து வந்தது?

சுருக்கமாகச் சொல்கிறேன். பீப்பாயின் மேலிருந்து எடுத்த கூழும் அடியிலிருந்து எடுத்த கூழும் ஒன்றல்ல. காயாக இறங்கிய பழமும் கனிந்த பழமும் ஒரே வண்டியில் வருகின்றன. கலக்காமல் ஒரு கரண்டி அள்ளி, காய்ச்சி ஆறிய வடிநீருக்குப் பதில் ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றினால், அதிலுள்ள பைகார்பனேட்டே எண்ணை நகர்த்திவிடும். மூன்றாம் தசமத்தைப் பற்றிப் பெருமைப்படுபவர்கள் முதல் தசமத்தைக் கரண்டியிலேயே தொலைத்துவிடுகிறார்கள்.

5. பாதுகாப்புக்கு வேண்டிய எண் இதுவே இல்லை.

இதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. மதுராந்தகம், உத்திரமேரூர் வட்டாரம் முழுவதும் கோடையில் தர்பூசணி. 2025 கோடையில் பழத்தில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி விற்பனை படுத்தபோது, பறிக்கக் கூலி கட்டாது என்று பழத்தை வயலிலேயே விட்டவர்கள் உண்டு. சாறாக்கிப் புட்டியில் அடைத்தால் என்ன என்ற யோசனை அப்படிப்பட்ட நேரத்தில்தான் வரும், நல்ல யோசனைதான். பாலாற்றங்கரையில் பழையசீவரத்தில் ஒரு மகளிர் குழு அதைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். அவர்களிடம் போய் "டைட்ரேட்டர் வாங்குங்கள்" என்று சொல்பவர் அவர்களை ஆபத்தில் தள்ளுகிறார்.

காரணம் இது. மொத்தப் புளிப்பு வேறு, பி.எச். வேறு. காஸ்டிக் சோடா எவ்வளவு இறங்குகிறது என்பது சாற்றில் அமிலம் மொத்தம் எவ்வளவு என்று காட்டும். நாக்குக்குப் புளிப்பும், சர்க்கரையோடு சேர்ந்த சுவைக் கணக்கும் அதிலிருந்து வரும். ஆனால் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா வளருமா, வளராதா என்பதைத் தீர்மானிப்பது பி.எச். எல்லைக்கோடு 4.6. மாங்கூழ் அதற்குக் கீழே பத்திரமாக இருக்கும். தர்பூசணிச் சாறு 5க்கு மேல். சாற்றில் பொட்டாசியம் உப்புகள் மிகுந்திருந்தால், சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்து மொத்தப் புளிப்பை ஏற்றிய பிறகும் பி.எச். எதிர்பார்த்த அளவு இறங்காமல் நிற்கும். டைட்ரேட்டர் சீட்டில் "அமிலம் 0.30 சதவீதம், சரி" என்று இருக்கும், புட்டி 4.8இல் இருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜியா, ஃப்ளோரிடாவிலும் கனடாவின் டொராண்டோவிலும் புட்டிக் காரட் சாறு குடித்தவர்கள் பாட்டுலிசத்தில் முடங்கினார்கள். புளிப்பில்லாத சாறு, குளிரில் வைக்காமல் விட்டதும் நஞ்சு ஊறியது. தக்காளியின் பி.எச். இந்த எல்லைக்கோட்டிலேயே நிற்பதால்தான், வீட்டில் புட்டி போடுகிறவர்கள் எலுமிச்சைச் சாறு சேர்த்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. அதுவும் பழத்திலிருந்து பிழிந்ததை வேண்டாம், அமில அளவு நிலையாக இருக்கும் கடைப் புட்டிச் சாற்றையே ஊற்றுங்கள் என்கிறது. பழையசீவரத்துக் குழுவுக்கு முதலில் வேண்டியது சில ஆயிரம் ரூபாய் பி.எச். மீட்டரும், 4.6 என்ற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று புரியவைக்கும் ஒரு நாள் பாடமும், அதற்கும் கீழே இறக்கி நிறுத்தும் ஒழுங்கும். டைட்ரேட்டருக்குப் போன கடன் இவற்றுக்கு மிஞ்சாது.

6. அளவுகோல் வாங்குபவன் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று பழையசீவரத்துக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டாம்.

சர்க்கரை ஆலை இருக்கும் ஊர் இது. கரும்புக்கு மத்திய அரசு அறிவிக்கும் விலை பிழிதிறனில், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் சதவீதத்தில், தொங்குகிறது. 2024–25 பருவத்தில் 10.25 சதவீதப் பிழிதிறனுக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய். ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் 3 ரூபாய் 32 காசு ஏறியது அல்லது இறங்கியது, 9.5க்கும் கீழே போனால் 315 ரூபாய் 10 காசோடு நின்றது. அந்தப் பிழிதிறனை அளப்பது எந்த ஆலையிலும் ஆலையேதான். விவசாயி வயலில் வெட்டிய கட்டு ஆலைக்குள் போன பிறகு அதற்கு ஒரு எண் கிடைக்கிறது; அந்த எண்ணைத் திரும்ப அளந்து பார்க்க அவரிடம் ஒன்றுமில்லை. பிழிதிறன் பற்றிய சந்தேகமும் சச்சரவும் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் தலைமுறையாக ஓயாமல் இருப்பதற்கு இதுவே காரணம். ஆலை ஆய்வகத்தில் நல்ல கருவி இல்லாததால் அந்தச் சந்தேகம் வரவில்லை.

பழத்திலும் இதையே கொண்டுவரப் பார்க்கிறார்கள். கொள்முதல் கூடத்தில் டைட்ரேட்டர் வைத்து, சீட்டில் வரும் புளிப்புக்கு விலை, எல்லை தாண்டினால் வண்டி திரும்பும் என்ற ஏற்பாடு வந்தால், மேலே சொன்ன வலு குறைந்த புட்டி யாருக்கு நட்டம் தரும்? வலு குறைந்த கரைசல் எப்போதும் புளிப்பைக் கூட்டித்தான் காட்டும். எல்லை 0.52 என்றால், 0.50 உள்ள நல்ல பழம் 0.526 என்று திரும்பிப் போகும். விலை சரிந்து, வாங்குபவருக்குச் சரக்கு தேவைக்கு மேல் இருக்கும் பருவத்தில் அந்தக் கரைசலைச் சரிபார்க்க அவருக்கு என்ன அவசரம்? அவர் கெட்ட எண்ணம் கொண்டவராக இருக்க வேண்டியதே இல்லை. சும்மா இருந்தாலே போதும். பியூரெட் காலத்தில் "இன்னொரு முறை போடுங்கள், நான் பார்க்கிறேன்" என்று விவசாயி நின்று கேட்க முடிந்தது. நிறம் மாறுவது அவர் கண்ணுக்கும் தெரியும். மூடிய பெட்டியின் சீட்டுக்கு எதிராக அவர் என்ன கேட்பார்?

7. ஆள் கிடைப்பதில்லை, அதனால்தான் கருவி என்கிறார்கள். ஆளுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா?

2020இல் தொடங்கிய உணவுப் பதப்படுத்தும் குறு நிறுவனங்களை முறைப்படுத்தும் பிரதமர் திட்டத்தில், திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். எந்திரத்துக்குக் கிடைக்கும் மானியம், அதை ஓட்டும் பெண்ணின் மாதச் சம்பளத்துக்கு இல்லை. அதனால் திட்ட அறிக்கை எழுதுபவர் எந்திரத்தை எழுதுகிறார். பிறகு ஆள் நிற்கவில்லை என்கிறார்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு எழுதியவர் ஒவ்வொருவரும் பியூரெட் பிடித்தவர்தான். பிப்பெட்டில் உறிஞ்சி, கூம்புக் குடுவையைச் சுழற்றி, வெள்ளைத் தாளை அடியில் வைத்து, இளஞ்சிவப்பு நிலைக்கிறதா என்று பார்த்து, ஒத்த அளவு வரும்வரை மீண்டும் போட்டவர். வாலாஜாபாத்திலும் உத்திரமேரூரிலும் அரசுப் பள்ளியில் அதைப் படித்த பெண்கள் பலர் இன்று ஒரகடம் பக்கத்துக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஊரிலேயே மதிப்பான சம்பளமும் ஒரு நல்ல தராசும் கொடுத்தால், புளிப்பை அளக்க இவர்களைவிடத் தகுந்தவர் வேறு எங்கிருந்து வர வேண்டும்?

ஆளுக்குக் கூலி ஒதுக்குவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பழையசீவரத்துக்கு எதிரே பாலாற்றின் அக்கரையில் திருமுக்கூடல். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் கல்வெட்டு 15 படுக்கை உள்ள ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. மருந்துகளின் பட்டியலும் அளவும் அதில் இருக்கின்றன. கூடவே மருத்துவருக்கு, அறுவை செய்பவருக்கு, மூலிகை கொண்டுவருபவருக்கு, பணிவிடை செய்யும் பெண்களுக்கு ஆண்டுக்கு எவ்வளவு நெல் என்றும் இருக்கிறது. மருந்துக்கு அருகிலேயே ஆளின் கூலியையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். இன்றைய திட்ட அறிக்கைகளில் அந்த இரண்டாவது பகுதியைக் காணோம்.

8. கடைசியாக, "எழுத்தில் உள்ள சீட்டு சட்டத்துக்கு ஏற்றது" என்கிறார்களே, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தார்களா?

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, அதிகாரி எடுக்கும் மாதிரியை நான்கு பங்காகப் பிரிக்கச் சொல்கிறது. உற்பத்தியாளர் கேட்டால், அவர் செலவில், ஒரு பங்கு அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். 46ஆம் பிரிவின்படி பகுப்பாய்வாளரின் அறிக்கையை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தேவையென்றால் அது மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். கிண்டியிலுள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தின் எண்ணுக்கே சட்டம் மறு அளவு என்ற உரிமையை வைத்திருக்கிறது. தனியார் கொள்முதல் கூடத்தின் பெட்டி அச்சடிக்கும் எண்ணுக்கு மட்டும் ஏன் மேல்முறையீடு கூடாது?

ஆகவே கூழோ சாறோ பழமோ விற்க ஒப்பந்தம் போடும் உற்பத்தியாளர் நிறுவனங்கள் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். புளிப்பு எந்த அமிலமாக, எந்த பி.எச். வரை என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். கரைசலின் வலுவைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் பஃபர் சரிபார்த்த நேரமும் ஒவ்வொரு சீட்டிலும் இருக்க வேண்டும். மாதிரி விற்பவர் முன்னிலையில் கலக்கி எடுக்கப்பட வேண்டும். அதில் ஒரு பங்கு முத்திரையிட்டு அவர் கையில் கொடுக்கப்பட வேண்டும். அந்தப் பங்கை அளந்து வரும் எண்ணுக்கும் கம்பெனியின் எண்ணுக்கும் வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆய்வகத்தின் எண்ணே செல்லும், அதுவரை வண்டியைத் திருப்பக் கூடாது. இந்த ஐந்து வரிக்கும் சம்மதிக்கும் கம்பெனி ஆட்டோ டைட்ரேட்டர் வைத்துக்கொள்ளட்டும், பியூரெட்டே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. சம்மதிக்காத கம்பெனிக்குப் பழம் கொடுக்க வேண்டாம்.